முந்நூறு வருஷத்துக்கு முந்தைய வைத்தியர் கடிதங்களைப் படிப்பது எப்படி?

1735 டிசம்பர் 6ஆம் தேதி, லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கிளாடியஸ் அமியாண்ட் என்ற அறுவை வைத்தியர், 11 வயதுப் பையன் ஒருவனின் குடலிறக்கத்தைச் சரிசெய்யக் கத்தியை எடுத்தார். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு குண்டூசி. அது குடல்வாலைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது, அதன் மேல் கல் மாதிரி ஏதோ படிந்திருக்கிறது. மயக்க மருந்து வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. பையன் நடுவில் வாந்தி எடுக்கிறான், மலம் கழிக்கிறான், வெட்டு மட்டும் நிற்கவில்லை. இதையெல்லாம் அமியாண்ட் அப்படியே எழுதி ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு அனுப்பினார், அடுத்த வருஷம் அச்சில் வந்துவிட்டது. இன்று நீங்கள் அதைக் காசு கொடுக்காமல் படிக்கலாம்.

இந்த மாதிரிக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. படிப்பவர்கள் பொதுவாக இரண்டு தப்பில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, ‘அந்தக் காலத்து மடையர்கள்’ என்று சிரித்துவிட்டுப் போவது. இல்லையென்றால், ‘அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க’ என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்வது. இரண்டும் வேண்டாம் என்றால் படிக்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். நான் படிக்கிற விதத்தைச் சொல்கிறேன், நான் சறுக்கிய இடங்களையும் சேர்த்து.

முதலில் எங்கே கிடைக்கும் என்பது. ராயல் சொசைட்டி 1660இல் லண்டனில் தொடங்கிய சங்கம். அதன் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச்சில் தன் சொந்தப் பொறுப்பில் ஆரம்பித்த இதழ்தான் ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்’. முதல் இதழிலேயே ராபர்ட் பாயில் கொடுத்த விகாரமான கன்றுக்குட்டி பற்றிய ஒரு குறிப்பு இருக்கிறது, ஆக விசித்திரங்கள் மேல் ஆசை முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. 2011இலிருந்து சங்கம் தன் பழைய கட்டுரைகளை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்திலும் பழைய தொகுதிகள் கிடைக்கும். அசல் பக்கத்தின் படத்தையே பாருங்கள். யாரோ சுருக்கி எழுதிய ‘வரலாற்றின் பத்து விசித்திர நோய்கள்’ வகையறாக்களை நம்பி இறங்கினால் பாதி தகவல் வழியிலேயே உதிர்ந்திருக்கும்.

படத்தைத் திறந்தவுடன் முதல் தடை எழுத்து. அந்தக் கால அச்சில் ஆங்கில ‘எஸ்’ எழுத்து சொல்லின் முதலிலும் நடுவிலும் நீண்டு, பார்க்க ‘எஃப்’ மாதிரியே இருக்கும். நோயாளி ‘உட்கார்ந்தார்’ (sat) என்று எழுதியிருப்பது ‘கொழுத்தார்’ (fat) என்று கண்ணில் படும். ஒரு கடிதத்தில் நோயாளி ஏன் திடீரென்று இவ்வளவு குண்டாகிறார் என்று நான் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன். இரண்டு பக்கம் படித்தால் கண் பழகிவிடும். பழகாதது கணினிதான். படத்திலிருந்து இயந்திரம் உருவாக்கிய எழுத்தில் தேடும்போது ‘ஸ்மால் பாக்ஸ்’ கிடைக்கவில்லையென்றால், முதல் எழுத்தை ‘எஃப்’ ஆக மாற்றித் தேடுங்கள், பெரியம்மை வரிசையாக வந்து நிற்கும்.

அடுத்து தேதி. இங்கிலாந்தில் 1752 வரை பழைய நாள்காட்டி, வருஷப் பிறப்பு மார்ச் 25. அதனால் ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான தேதிகளுக்கு இரண்டு வருஷம் போட்டிருப்பார்கள். இதழின் முதல் எண்ணிலேயே 1664/5 என்றுதான் இருக்கும், அது நம் கணக்குக்கு 1665. பாரிஸோ ஏற்கெனவே புது நாள்காட்டிக்கு மாறிவிட்டது, லண்டனைவிட 1700 வரை 10 நாள், அதன்பின் 11 நாள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ‘முதலில் செய்தது யார்’ என்ற சண்டை வரும் இடங்களில் இதைக் கவனிக்காவிட்டால் உங்கள் தீர்ப்பு தலைகீழாகிவிடும்.

அளவுகள் சுலபம். 20 கிரெய்ன் ஒரு ஸ்க்ரூப்பிள், 3 ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ், மருந்துக்கடைக் கணக்கில் 12 அவுன்ஸ்தான் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நோய்ப் பெயர்கள்தான் வம்பு. ‘ஏக்யூ’ என்றால் குளிரடித்து விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல், பெரும்பாலும் மலேரியா, ஆனால் எப்போதும் அல்ல. ‘டிராப்சி’ உடம்பில் நீர் கோத்துக்கொள்வது, அதன் பின்னால் இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ எதுவும் இருக்கலாம். ‘கிங்ஸ் ஈவில்’ என்றால் கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கும் கண்டமாலை. ‘ரப்சர்’ குடலிறக்கம். இந்தப் பெயர்களை உடனே இன்றைய நோயாக மாற்றாதீர்கள். அன்றைய பெயர் வெளியே தெரிந்த அறிகுறிகளுக்கு வைத்தது, நம் பெயர் பெரும்பாலும் உள்ளே இருக்கும் காரணத்துக்கு வைத்தது. ‘ஏக்யூ’வை மலேரியா என்று எழுதிவிட்டு அப்புறம் ‘மருந்து எப்படி வேலை செய்தது’ என்று குழம்புவதைவிட, குறிப்பேட்டில் முறைக்காய்ச்சல் என்றே விட்டுவிடலாம்.

சரி, இப்போது படிக்கலாம். ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் தாளை இரண்டாக மடித்துக்கொள்வேன். இடப்பக்கம் அவர் கண்ணால் கண்டது, கையால் தொட்டது, எண்ணியது. வலப்பக்கம் அதற்கு அவர் சொன்ன காரணம். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் பாதிக் குழப்பம் போய்விடும், ஏனென்றால் இந்த ஆட்களில் பலர் இடப்பக்கத்தில் அபாரமான கெட்டிக்காரர்கள், வலப்பக்கத்தில் கோட்டை விட்டவர்கள்.

பாரிஸில் 1667இல் ழான்-பாப்தீஸ்த் தெனி செய்ததைப் பாருங்கள். ஜூன் மாதம் 15 வயதுப் பையன் ஒருவனுக்கு ஆட்டுக்குட்டி ரத்தம் ஏற்றினார், பையன் பிழைத்துக்கொண்டான். டிசம்பரில் அந்துவான் மோருவா என்ற மனநிலை சரியில்லாத மனிதருக்குக் கன்றுக்குட்டி ரத்தம். இரண்டாவது தடவை ஏற்றியபோது கை சுட்டது, நாடி வேகமெடுத்தது, வியர்த்துக் கொட்டியது, இடுப்பில் சிறுநீரகப் பக்கம் வலி, வாந்தி. அடுத்த நாள் சிறுநீர் புகைபோக்கிக் கரியைக் கரைத்தது போலக் கறுப்பாகப் போனது. இதெல்லாம் இடப்பக்கம். பொருந்தாத ரத்தம் ஏறினால் உடம்பு என்ன செய்யும் என்பதற்கு இன்று ஒரு மருத்துவ மாணவர் எழுத வேண்டிய விடையே இதுதான்: சிவப்பணுக்கள் உடைந்து, அதன் நிறமி சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. தெனிக்கு அது தெரியாது. கன்றின் சாந்தமான ரத்தம் மனிதனின் கொதிப்பை அடக்கும் என்பது அவர் வலப்பக்கம், நோயாளி அமைதியாகப் படுத்திருந்ததை அவர் குணம் என்றே எடுத்துக்கொண்டார். இன்னொரு சுற்றுக்கு முயன்ற பிறகு மோருவா இறந்துபோனார். வழக்கு நீதிமன்றம் போனது, மனைவி வைத்த விஷம்தான் காரணம் என்று முடிந்தது. ரத்த வகைகளை கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டது 1901இல்.

அதே 1667 நவம்பர் 23இல் லண்டனில் ரிச்சர்ட் லோவரும் எட்மண்ட் கிங்கும் ஆர்தர் கோகா என்பவருக்குச் செம்மறி ஆட்டு ரத்தம் ஏற்றினார்கள். கூலி 20 ஷில்லிங். ஏன் ஆட்டு ரத்தம் என்று கேட்டதற்கு, கிறிஸ்துவே கடவுளின் ஆட்டுக்குட்டி அல்லவா என்று லத்தீனில் பதில் சொன்னாராம். மனிதர் நன்றாகத்தான் பேசுகிறார், மண்டைதான் லேசாகப் பிசகியது என்று சாமுவேல் பீப்ஸ் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோகாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, டிசம்பரில் மறுபடியும் ஏற்றிக்கொண்டார். இங்கேதான் அளவைப் பார்க்கச் சொல்வேன். சுமார் 9, 10 அவுன்ஸ் ரத்தம் போயிருக்கும் என்று அவர்கள் எழுதியது எடை போட்ட கணக்கல்ல, குழாயில் ஓடிய நேரத்தை வைத்துப் போட்ட மதிப்பு. ரத்தம் குழாயிலேயே உறையும். உண்மையில் உள்ளே போனது ரொம்பக் குறைவாக இருந்திருக்கலாம், அதனால்தான் ஆள் தப்பித்தார் என்று எனக்குப் படுகிறது. எண் என்று கண்ட இடமெல்லாம் ‘இதை எப்படி அளந்தாய்?’ என்று கேளுங்கள்.

நன்றாக அளந்தவரும் உண்டு. எட்வர்ட் ஸ்டோன் வைத்தியர் இல்லை, சிப்பிங் நார்ட்டன் ஊரில் வாழ்ந்த பாதிரியார். தற்செயலாக வில்லோ மரப்பட்டையை வாயில் வைத்தார், பயங்கரக் கசப்பு. முறைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் விலையுயர்ந்த பெரு நாட்டுப் பட்டையின் (சிங்கோனா மரப்பட்டை) கசப்பு மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது. கிட்டத்தட்ட ஒரு பவுண்டு சேர்த்து, ரொட்டி சுடும் அடுப்பின் வெளிப்பக்கம் மூன்று மாதத்துக்கு மேல் காயவைத்து, பொடித்து, 20 கிரெய்னில் தொடங்கி நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்துப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஒரு டிராம் வரை போனார். சுமார் 50 பேர். சில பிடிவாதமான காய்ச்சலுக்கு இது மட்டும் போதவில்லை, ஐந்தில் ஒரு பங்கு பெரு நாட்டுப் பட்டை சேர்க்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமல் 1763இல் சங்கத்துக்கு எழுதினார். தோற்ற இடத்தைத் தானே சொல்கிற ஆள் என்றால் அவர் பேச்சை நான் கூடுதலாக நம்புவேன். காரணம் மட்டும் வழக்கம்போல வலப்பக்கம்: ஈரமான இடத்தில் காய்ச்சல் வருகிறது, வில்லோவும் ஈரத்தில்தான் வளர்கிறது, நோய் இருக்கும் இடத்திலேயே மருந்தை வைத்திருப்பான் கடவுள். பட்டையில் இருந்தது ஆஸ்பிரினுக்கு உறவான பொருள், அது காய்ச்சலை இறக்கும், மலேரியாக் கிருமியைக் கொல்லாது. இதில் வேடிக்கை என்னவென்றால், இதழில் அவர் பெயரையே எட்மண்ட் என்று தப்பாக அச்சடித்துவிட்டார்கள். பெயரை வைத்துத் தேடி ஆள் கிடைக்கவில்லையென்றால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

மறுபடி அமியாண்டுக்கு வருகிறேன். இன்று அந்தக் கடிதத்தை ‘உலகின் முதல் குடல்வால் நீக்க அறுவை’ என்று சொல்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் தலைப்பே குடலிறக்கம் பற்றியது, ஊசி பற்றியது. பையனுக்குத் தொடைப் பக்கம் புண் திறந்து மலம் கசிந்துகொண்டிருந்தது, அதை மூட வேண்டும், மூட வேண்டுமென்றால் குடலிறக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், பார்க்கப் போன இடத்தில் குடல்வால். எந்த உறுப்பு எது என்று சரியாகப் பிரியாத இடத்தில் தொடர்ந்து வெட்டிக்கொண்டே போனேன், ஏறக்குறைய அரை மணி நேரம், நோயாளிக்கு எவ்வளவு வலியோ எனக்கு அவ்வளவு பாடு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பையன் தைரியமாகத் தாங்கினான் என்றும் எழுதியிருக்கிறார். பிழைத்து வீடு போனான். படிக்கும்போது அந்த மேஜையைச் சுற்றி நின்றவர்களை எண்ணிப் பாருங்கள், பையனைப் பிடித்துக்கொண்டவர்கள் யாராவது இருந்திருக்க வேண்டும், அவர்கள் கடிதத்தில் இல்லை. ‘முதல்’ என்ற பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தால்தான் இந்தக் கடிதத்தின் பயமும் தடுமாற்றமும் தெரியும்.

கடிதத்தில் இல்லாததைத் தேடுவது இதற்கு அடுத்த பழக்கம். வில்லியம் செசெல்டன் 1728இல் எழுதிய கடிதத்தில் 13, 14 வயதுப் பையன், குழந்தையிலிருந்தே கண்புரையால் பார்வை இல்லாதவன். புரையைத் தள்ளியதும் பார்வை வருகிறது. பார்க்கிற பொருளெல்லாம் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்பதாக அவனுக்குத் தோன்றியது. பூனை எது நாய் எது என்று மறந்து மறந்து போய், கேட்க வெட்கப்பட்டு, ஒரு நாள் பூனையைப் பிடித்துத் தடவி, உற்றுப் பார்த்து, ‘அடுத்த தடவை உன்னைத் தெரிந்துகொள்வேன்’ என்று சொல்லிக் கீழே விட்டானாம். ஓவியத்தில் இருப்பவை மேடு பள்ளம் உள்ள பொருள்களின் சாயல் என்று இரண்டு மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. தொட்டால் தட்டை, பார்த்தால் மேடு, இதில் பொய் சொல்வது தொடுகையா பார்வையா என்று கேட்டான். இந்தப் பையன் மேல் தத்துவ ஞானிகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். ஆனால் கடிதம் சில பக்கம்தான், கேள்விகளை யார் எந்த வார்த்தையில் கேட்டார்கள் என்பது இல்லை. முன்பே வெளிச்சத்தில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு அவனுக்குத் தெரியும் என்பது ஒரு வரியில் வருகிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்து, ஒரே ஆளைப் பற்றி இரண்டாவது கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். 1732இல் ஜான் மேச்சின், சஃபோக்கைச் சேர்ந்த ஒரு பையனைப் பற்றி எழுதினார். முகம், உள்ளங்கை, பாதம் தவிர உடம்பெல்லாம் மரப்பட்டை மாதிரி, முள் முள்ளாக, தடவினால் சரசரவென்று சத்தம். எட்வர்ட் லாம்பர்ட், ஊர் வைத்த பெயர் முள்ளம்பன்றி மனிதன். அத்தோடு முடிந்திருந்தால் வெறும் கண்காட்சிக் கதை. 1755இல் ஹென்றி பேக்கர் அதே மனிதரை மறுபடி பார்த்து எழுதினார்: வருஷத்துக்கு ஒரு தடவை அந்தத் தோல் உதிர்ந்து மறுபடி முளைக்கிறது, ஆறு பிள்ளைகள், ஆறு பேருக்கும் அதே தோல், பிறந்து சுமார் ஒன்பது வாரத்தில் தொடங்கியது, ஒரே ஒரு மகன்தான் உயிரோடு. மரபணு என்ற சொல்லே பிறக்காத காலத்தில் பரம்பரை நோய்க்கு இவ்வளவு தெளிவான சாட்சி, இரண்டாவது கடிதம் இல்லாவிட்டால் கிடைத்திருக்காது.

மோசடிக்கும் தயாராக இருங்கள். 1726இல் கொடால்மிங் ஊரில் மேரி டாஃப்ட் என்ற பெண் முயல்களைப் பிரசவிக்கிறாள் என்று ஜான் ஹவர்ட் என்ற உள்ளூர் வைத்தியர் கடிதம் கடிதமாக எழுதினார். அரசரின் அறுவை வைத்தியர் செயின்ட் ஆந்த்ரே நேரில் போய்ப் பார்த்து நம்பி, சங்கத்துக்குக்கூட அனுப்பாமல், தனிப் பிரசுரமாகவே போட்டுவிட்டார். முயலின் நுரையீரல் துண்டைத் தண்ணீரில் போட்டார், மிதந்தது. மிதந்தால் அது வெளியே மூச்சு விட்ட முயல். சோதனையைச் செய்தவரே விடையைத் தாண்டிப் போகிறார்! இன்னொரு வைத்தியர் சிரியாகஸ் அஹ்லர்ஸ் முயல் புழுக்கையைப் பார்த்தார், உள்ளே வைக்கோலும் புல்லும். டிசம்பரில் அவள் ஒப்புக்கொண்டாள், ஆந்த்ரேயின் பேரும் அதோடு போனது. இந்த மாதிரிக் கடிதங்களில் சாட்சியின் பதவியைப் பார்க்காதீர்கள், புழுக்கையைப் பாருங்கள்.

கிண்டலும் உண்டு. காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களால் ஆண் துணையில்லாமல் பெண் கருத்தரிக்கலாம் என்று 1750இல் சங்கத்துக்கே எழுதியது போல ஒரு பிரசுரம் வந்தது. எழுதியது ஜான் ஹில், புனைபெயரில், சங்கத்தை நக்கலடிக்க. அடுத்த வருஷமும் அவர் விடவில்லை. 1752இல் சங்கம் இதழைத் தன் பொறுப்பில் எடுத்து, எதை அச்சிடுவது என்று பார்க்க ஒரு குழு வைத்தது. அதனால் 1752க்கு முந்திய கடிதங்களைப் படிக்கும்போது சல்லடை அவ்வளவு நெருக்கமில்லை என்று மனதில் வையுங்கள்.

எழுதியவரே நோயாளியாக இருக்கும் கடிதங்கள் தனி ருசி. 1819 மார்ச் 16இல் லண்டன் மருத்துவ அறுவை மருத்துவச் சங்கத்தில் ஜான் பாஸ்டாக் ஒரு நோயாளியைப் பற்றி வாசித்தார்: ‘ஜே.பி.’, 46 வயது, ஒவ்வொரு ஜூனிலும் கண் எரிச்சல், தும்மல், மூச்சுத் திணறல், எட்டு வயதிலிருந்து. அந்த ‘ஜே.பி.’ அவரேதான். ரத்தம் இறக்கியது, பேதிக்குக் கொடுத்தது, அபின், பாதரசம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை. 1828இல் தன்னைப் போல இன்னும் 28 பேரைச் சேர்த்து மறுபடி எழுதினார். மகரந்தம்தான் இந்த ஒவ்வாமைக்குக் காரணம் என்று சார்லஸ் பிளாக்லி 1873இல் சோதனைகளோடு காட்டினார், பாஸ்டாக்கோ கோடை வெப்பத்தின் மேல் பழியைப் போட்டிருந்தார். தொடங்குபவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் கொடுப்பேன், மொழியும் பழகிய ஆங்கிலம், நீண்ட ‘எஸ்’ தொல்லையும் அநேகமாக இல்லை.

இன்னும் கொஞ்சம் தூரம் போக விரும்பினால் ஜான் டால்ட்டன். 1794 அக்டோபர் 31இல் மான்செஸ்டர் இலக்கிய தத்துவச் சங்கத்தில் தன் நிறக்குருட்டைப் பற்றி வாசித்தார், பகலில் நீலமாகத் தெரிந்த ஜெரேனியப் பூ மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகிவிட்டதைச் சொல்லி. தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கும் என்பது அவர் வலப்பக்கம், செத்தபின் கண்ணைத் திறந்து பாருங்கள் என்றும் சொல்லி வைத்தார். 1844இல் திறந்தார்கள், திரவம் தெளிவாக இருந்தது. பாதுகாத்து வைத்த கண்ணிலிருந்து 1995இல் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது பச்சை நிறத்துக்கான நிறமியின் மரபணு அவருக்கு இல்லை என்று தெரிந்தது.

நம் ஊர்ப் பக்கம் ஏதாவது உண்டா என்பவர்களுக்கு: 1698இலிருந்து சில வருஷம், சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அறுவை வைத்தியராக இருந்த சாமுவேல் பிரவுன் அனுப்பிய செடிகளைப் பற்றி ஜேம்ஸ் பெட்டிவர் என்ற லண்டன் மருந்துக்கடைக்காரர் இதே இதழில் எழுதினார், எந்தச் செடி எதற்கு உதவும் என்ற உள்ளூர் வைத்தியக் குறிப்புகளோடு. செடிப் பெயர்கள் ‘மலபார்’ மொழியில் என்று போட்டிருக்கும், கோட்டைக்காரர்கள் அப்படிச் சொன்னது தமிழை. ஆங்கில எழுத்துக்கூட்டு கண்ணுக்கு ஒன்றுமே புரியாது. வாய்விட்டு, கொஞ்சம் வேகமாக, இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் நாட்டு மருந்து தெரிந்த பெரியவர் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படித்துக் காட்டுங்கள், உங்களுக்கு முன்னால் அவர் செடியைக் கண்டுபிடித்துவிடுவார்.